வெண்பனி மேல் முதல் நடை

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் தாலுக்காவில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் ஹெப்பகோடி அமைந்துள்ளது. தொழிற்சாலை வேலைக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கு உண்டு. மார்கழி விடியற்காலையில் சால்வை இன்றி வெளியே வர யாரும் விரும்புவதில்லை. எனினும் பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணநிலை, 1884-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் குறிக்கப்பட்ட 7.8 டிகிரி சென்டிகிரேடே ஆகும். நீர் உறையும் நிலைக்கு அது எவ்வளவோ மேலானது. ஆகவே இவ்வூர்ப் பள்ளி மாணவன் "பனி" என்று சொல்லும்போது, புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியையே எண்ணுகிறான். வானிலிருந்து படிகமாக விழுந்து, இடுப்பளவு குவிந்து, காலை வைத்தவனை உள்ளே இழுத்துக்கொள்ளும் பனியை அவன் கண்டதில்லை.

இந்த அறிவு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இரண்டு நிகழ்ச்சிகளை விடையாகக் கூறுவோம்.

நார்வே நாட்டின் ஆளுகைக்கு உட்பட்ட ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், வட அட்சம் 79 பாகைக்குச் சற்றே தெற்கில், நி-ஓலசுண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. முன்பு நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்து, இன்று பல நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்களைக் கொண்டுள்ள இவ்வூரில், 2008 ஜூலை 1-ஆம் தேதி இந்தியாவின் "ஹிமாத்ரி" நிலையம் திறக்கப்பட்டது. 2023 டிசம்பரில் முதன்முறையாக இந்தியாவின் குளிர்கால ஆர்க்டிக் குழு அங்குச் சென்றது. அதன் முதல் அணியில் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையமும் பங்கு பெற்றது. பிரபஞ்சத்தின் இளமைக் காலத்து ஹைட்ரஜனிலிருந்து வரும் மிக நலிந்த வானொலி அலைகளை அளப்பதற்கு அவ்விடம் ஏற்றதா என்று ஆராய்வது அந்நிலையத்தாரின் நோக்கம். தென்னிந்தியாவின் ஆய்வுக் கருவிகள் இருண்ட துருவப் பனிவெளியில் இவ்வாறு நிறுத்தப்பட்டன.

இரண்டாவது நிகழ்ச்சி துயரமானது. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சின் பனியாற்றின் உச்சிக் காவல் நிலையம் ஒன்றின் மீது பனிச்சரிவு விழுந்தது. சென்னை ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த 10 வீரர்கள் அதில் புதையுண்டனர். தமிழ்நாடு, கர்நாடகம் முதலிய மாநிலங்களின் வெப்பமான ஊர்களில் பிறந்தவர்கள் அவர்கள். ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் எடுக்கப்பட்ட தார்வார் மாவட்டத்து வீரர் ஹனுமந்தப்பா கொப்பதும் பிப்ரவரி 11-ஆம் தேதி காலமானார். பனியைக் காணாத ஊரில் பிறந்தோரும் பனிநிலத்திற்குச் செல்ல நேரும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அவ்வாறு செல்வோர் கற்க வேண்டிய முதற்பாடம், பனியின் மீது நடப்பது எப்படி என்பதே. அப்பாடத்தைப் பனிமிதியடியின் வாயிலாக இங்கே காண்போம்.

வெண்பனியின் இயல்பு

தமிழில் "பனி" என்னும் ஒரே சொல் பல பொருள்களைக் குறிப்பதால், முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வது நலம். படிகங்களாக வானிலிருந்து விழுவதை இக்கட்டுரையில் வெண்பனி என்போம். திண்ணமாக உறைந்த நீரைப் பனிக்கட்டி என்போம்.

ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். பனிக்கட்டியின் எடை ஏறக்குறைய 917 கிலோகிராம். புதிதாக விழுந்த உலர்ந்த வெண்பனியோ 50 முதல் 100 கிலோகிராம் வரையே இருக்கும். அதாவது, அதன் பருமனில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்றே. இலவம் பஞ்சுக் குவியலில் கால் வைத்ததுபோல, அதில் மிதித்தவன் முழங்கால் வரை இறங்குகிறான். ஒவ்வோர் அடிக்கும் காலை மேலே இழுத்து மறுபடி புதைத்து நடப்பவன் சில நூறு அடிகளுக்குள் களைத்துப் போகிறான்.

விழுந்த பனி விழுந்தபடியே இருப்பதில்லை. நாளடைவில் படிகங்களின் கூரிய முனைகள் மழுங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுகின்றன. பலத்த காற்று படிகங்களை நொறுக்கி நெருக்கமாக அடுக்கினால், ஒரு கன மீட்டருக்கு 300 அல்லது 400 கிலோகிராம் எடையுள்ள கெட்டியான பாளம் உண்டாகிறது. அதன் மேல் சாதாரண பூட்சுடனேயே நடந்துவிடலாம். ஆனால் பாளத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பது மேலே நடப்பவனுக்குத் தெரிவதில்லை. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

மிதியடி செய்யும் வேலை

நம் வயல்களில் இதற்கு நேரான காட்சி ஒன்று உண்டு. உழுத சேற்றில் இறங்கியவன் கணுக்காலுக்கு மேல் புதைகிறான். அதே மனிதன் பரம்புப் பலகையின் மேல் ஏறி நின்றால் பலகையும் அவனும் சேற்றின் மேலேயே இழுபட்டுச் செல்கின்றனர். மனிதனின் எடை குறையவில்லை. அது பரந்த இடத்தில் பங்கிடப்பட்டது. ஏரிகளில் தாமரை இலைகளின் மீது ஓடும் தாமரைக்கோழியும் இவ்விதியையே தன் நீண்ட விரல்களால் கையாளுகிறது. ஸ்வால்பார்டில் வாழும் பனிக்கௌதாரியின் பாதங்களில் குளிர்காலத்தில் அடர்ந்த இறகுகள் காணப்படுகின்றன. அவை சூட்டைக் காப்பதோடு பாதத்தின் பரப்பையும் பெருக்குகின்றன.

கணக்கிட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் உடை, மூட்டை ஆகியவற்றுடன் 72 கிலோகிராம் என்று கொள்வோம். நடக்கும்போது ஒவ்வொரு கணமும் ஒரு காலே முழுச் சுமையையும் தாங்குகிறது. பூட்சின் அடிப்பரப்பு 240 சதுர சென்டிமீட்டரானால், ஒரு சதுர சென்டிமீட்டரின் மீது 300 கிராம் அழுத்தம் விழும். 1,200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள மிதியடியைக் கட்டிக்கொண்டால் அது 60 கிராமாகக் குறையும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மிதியடி புதைவதை முற்றிலும் தடுப்பதில்லை. முழங்கால் வரை இறங்க வேண்டிய காலைப் பெரும்பாலும் கணுக்கால் அளவில் நிறுத்துகிறது. களைப்பில் இது தரும் வேறுபாடு மிகப் பெரியது.

இக்கருவி மிகத் தொன்மையானது. இத்தாலி, ஆஸ்திரியா நாடுகளின் எல்லையில் உள்ள ஆல்ப்ஸ் மலையில், 3,134 மீட்டர் உயரத்தில், 2003-ஆம் ஆண்டு பனியாற்றிலிருந்து வெளிப்பட்ட பிர்ச் மர மிதியடி ஒன்று, ஏறக்குறைய 5,800 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கணிக்கப்பட்டுள்ளது. வட அமெரிக்கப் பழங்குடியினர் மரச்சட்டத்தை வளைத்து, பதனிடாத தோல் வாரால் கட்டில் பின்னுவதுபோலப் பின்னி, இதனை உயர்ந்த கைவினையாக்கினர். இன்றைய மிதியடிகள் அலுமினியச் சட்டத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்யப்படுகின்றன. ஆனால் அமைப்பு அதுவே. முன்பாதத்தை மட்டும் வார் இறுக்கிப் பிடிக்கும். குதிகால் தடையின்றி எழும்பும். முன்பாதத்திற்கு அடியில் உலோகப் பற்கள் இருந்து, இறுகிய பனியில் வழுக்காமல் பற்றும்.

வழிகாட்டியின் பின்னே

ஸ்வால்பார்டின் தலைமை ஊரான லாங்யர்பியனிலும், நார்வேயின் வட கரையில் உள்ள ட்ரோம்சோவிலும் புதியவர்களைப் பனிமிதியடியுடன் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் உள்ளனர். ஸ்வால்பார்டில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்திற்கு மேல் எழுவதே இல்லை. நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியிலும் நிலவொளியிலுமே அப்போது நடக்க வேண்டும்.

நல்ல வழிகாட்டி புறப்படுமுன் மூன்றைக் கவனிக்கிறார்: வானிலை, வழியில் உள்ள சரிவு, உடன் வருபவர்களின் உடை. நார்வேயில் பனிச்சரிவு அபாயம் 1 முதல் 5 வரையிலான எண்களால் அறிவிக்கப்படுகிறது. அந்த எண்ணைப் பாராமல் அவர் புறப்படுவதில்லை. குடியிருப்பை விட்டு வெளியே செல்வோர் துருவக் கரடியை விரட்டுவதற்கான சாதனம் வைத்திருக்க வேண்டும் என்பது ஸ்வால்பார்டின் சட்டம். ஆகையால் ஒளிக்குண்டுத் துப்பாக்கியும், கடைசித் தற்காப்புக்காக ரைபிளும் வழிகாட்டியிடம் இருக்கும். 2025 முதல் கரடிக்கு 300 மீட்டருக்கும் அருகில் செல்வது தடுக்கப்பட்டுள்ளது. மார்ச் முதல் ஜூன் வரை இத்தூரம் 500 மீட்டர்.

நடையைக் கற்பது கடினமன்று. கால்களைச் சற்றே அகற்றி வைத்து நடக்க வேண்டும். இல்லையேல் ஒரு மிதியடியின் விளிம்பு மற்றதை மிதித்து ஆள் குப்புற விழ நேரும். பின்னோக்கி நடக்கக் கூடாது. பின்முனை பனியில் குத்திக்கொள்ளும். திரும்ப வேண்டுமானால், மாட்டு வண்டி திரும்புவதுபோல, சிறு சிறு அடிகளால் வட்டமிட்டுத் திரும்ப வேண்டும். ஏற்றத்தில் முன்பாதத்தை அழுத்திப் பற்களைப் பதிக்க வேண்டும். இறக்கத்தில் முழங்காலைச் சற்று மடித்து, எடையைக் குதிகாலின் பக்கம் விட வேண்டும். கைகளில் உள்ள ஊன்றுகோல்கள் சமநிலையைக் காக்கும். விழுந்தவன் கைகளை ஊன்றி எழ முயன்றால் கைகள் பனிக்குள் இறங்கிவிடும்; கோல்களைக் குறுக்காகப் பனியின் மேல் வைத்து, அவற்றின் மீது ஊன்றி எழ வேண்டும். கோல்களுக்கும் இங்கே பரம்புப் பலகையின் விதியே துணை.

அணிவகுப்பு ஒற்றை வரிசையாகச் செல்லும். முன்னே செல்பவர் புதுப்பனியை மிதித்து வழி உண்டாக்குகிறார். அது மிகக் கடினமான உழைப்பு. பின்வருவோர் அவர் தடத்திலேயே கால் வைக்கின்றனர். குழுவில் மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்தபடி நிறுத்துவது நல்ல வழக்கம். அவருடைய வேகமே குழுவின் வேகமாகும். திரும்பும் நேரத்தைப் புறப்படும்போதே குறித்துக்கொள்ளுகின்றனர். அந்நேரம் வந்ததும், இலக்கு கண்ணெதிரே இருந்தாலும், திரும்ப வேண்டும்.

குளிரும் வியர்வையும்

நி-ஓலசுண்டின் கரையைத் தொட்டுச் செல்லும் வெப்ப நீரோட்டத்தால், அதன் அட்சத்திற்கு அங்கே குளிர் சற்றுக் குறைவு. எனினும் குளிர்காலத்தில் சுழிக்குக் கீழ் 10 முதல் 20 டிகிரி சாதாரணம். காற்று வீசும்போது உடல் வெப்பத்தை இன்னும் விரைவாக இழக்கிறது. அமெரிக்க அறிஞர்கள் சைப்பிள், பாசல் ஆகிய இருவரும், அண்டார்க்டிகாவில் சிறு உருளையில் வைத்த நீர் காற்றில் உறைவதற்கு ஆகும் நேரத்தை அளந்து, இவ்விளைவை 1945-இல் வெளியிட்டனர். இன்று வழங்கும் திருந்திய சூத்திரத்தின்படி, சுழிக்குக் கீழ் 15 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது சுழிக்குக் கீழ் 26 டிகிரிக்கு ஒப்பாகும்.

ஆயினும் புதியவர்களுக்கு முதலில் தீங்கு செய்வது பெரும்பாலும் காற்றன்று, வியர்வையே. வெப்ப நாட்டிலிருந்து வந்தவர் அச்சத்தால் இருக்கும் உடைகளை எல்லாம் அணிந்து புறப்படுகிறார். கால் மணி நேரம் ஏறியதும் வியர்வை உள்ளாடையை நனைக்கிறது. அவர் இளைப்பாற நிற்கும்போது ஆபத்து தொடங்குகிறது. நீர், அசையாத காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நம் நாட்டு வெயிலுக்கு உற்ற துணையான பருத்தி, நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அதே குணத்தால் அங்கே பகையாகிறது. கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். ஆகவே உடலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றிற்கும் மேலே காற்றுப் புகாத அங்கி என்று அடுக்காக அணிகின்றனர். "புறப்படும்போது சற்றுக் குளிர வேண்டும்" என்பது வழிகாட்டிகள் கூறும் விதி. நடக்கும்போது ஓர் அடுக்கைக் கழற்றி, நின்றதும் உடனே அணிய வேண்டும்.

மூக்கு, காது, விரல்கள் வெளுத்து உணர்வற்றுப் போவது பனிக்கடியின் அடையாளம். அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது. பனியால் தேய்ப்பது அறவே கூடாது. ஒருவர் மற்றவர் முகத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ளுவதே சிறந்த காப்பு, ஏனெனில் தன் மூக்கின் நிறம் தனக்குத் தெரியாது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், நாக் குழறல், தடுமாற்றம் ஆகியவை தோன்றும். அப்போது சூடான இனிப்புப் பானமும் உலர்ந்த உடையும் தேவை. மது கொடுப்பது தவறு. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே உள்ள வெப்பத்தை வெளியேற்றுகிறது.

மிதியடி காக்காத இடம்

மிதியடி மென்மையான பனியில் மனிதனைத் தாங்குகிறது. ஆனால் சரியப் போகும் பனியை அது நிறுத்தாது. உண்மையில், முன்பு கால் புதைந்து செல்ல முடியாதிருந்த சரிவுகளுக்கும் எளிதாகச் செல்லும் வசதியை அளிப்பதால், அறியாதவனை அது ஆபத்திற்கு அருகே கொண்டு சேர்க்கவும் கூடும்.

பனிப்படுகையின் அடிப்பகுதி வெப்பமாகவும் மேற்பகுதி மிகக் குளிர்ந்தும் இருந்தால், உள்ளே நீராவி கீழிருந்து மேலாக நகர்ந்து, சர்க்கரையைப்போல ஒட்டாத மணிகளை உண்டாக்குகிறது. அதன் மேல் காற்று கெட்டியான பாளத்தை அடுக்கினால், வழுக்கும் மணிகளின் மீது ஒரு பலகையைச் சாய்த்து வைத்தது போன்ற நிலை ஏற்படும். பாளம் விரிசல் விட்டுச் சரிய ஒரு மனிதனின் எடையே போதும். இத்தகைய சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைப்பக்கங்களில் தொடங்குகின்றன. சரிவின் அடியில் சமதரையில் நிற்பவனும் தப்பியவன் அல்லன். 2015 டிசம்பர் 19-ஆம் தேதி, புயற்காற்றுக்குப் பின், லாங்யர்பியன் ஊருக்கு மேலே உள்ள மலையிலிருந்து சரிந்த பனி வீடுகளையே பெயர்த்துத் தள்ளியது, இருவர் இறந்தனர்.

காலடியில் "உம்" என்று அமுங்கும் ஓசையும், மிதியடியிலிருந்து ஓடும் விரிசலும் பனி தரும் எச்சரிக்கைகள். அவை தோன்றினால் வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். புதையுண்டவரை முதற் கால் மணி நேரத்திற்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் விரைவாகக் குறைகிறது. ஆகையால் இடங்காட்டும் வானொலிக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் சுமந்து செல்ல வேண்டும்.

நம் நாட்டில் இத்துறை ஆராய்ச்சிக்காக 1969-இல் மணாலியில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. 2020 முதல் அது சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து, இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வழங்கி வருகிறது. அண்டார்க்டிகா செல்லும் இந்தியக் குழுவினர் உத்தராகண்டில் உள்ள ஆலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி நிலையத்தில் பனிநடை பழகுகின்றனர். பனிப்பகுதிகளில் பணிபுரியச் செல்லும் களப்பணியாளர் இத்தகைய பயிற்சியையும் எச்சரிக்கைகளையும் தம் கடமையின் பகுதியாகக் கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் செய்து காட்ட

பனி இல்லாத ஊரிலும் இப்பாடத்தைக் கற்பிக்க இயலும். அதற்கு மூன்று சோதனைகள் போதும்.

1. அகன்ற தட்டில் மைதா மாவைச் சலித்துத் தளர்வாக நிரப்புக. ஒரு செங்கல்லைச் சிறிய முகம் கீழாக நிறுத்தி, அது புதையும் ஆழத்தை அளவுகோலால் அளந்து குறிக்க. மாவை மறுபடி சலித்து நிரப்பி, பெரிய முகம் கீழாக வைத்து அளக்க. இரு முகங்களின் பரப்பையும் மாணவர்களே கணக்கிட்டு, அழுத்தத்தை ஒப்பிட வேண்டும். பின்னர், தம் எடையையும் பாதத்தின் பரப்பையும் வரைபடத் தாளில் அளந்து, தமக்கு எத்துணைப் பரப்புள்ள மிதியடி தேவை என்று காணலாம்.

2. ஒரே அளவுள்ள மூன்று டம்ளர்களில் வெந்நீர் ஊற்றி, ஒன்றை உலர்ந்த பருத்தித் துணியாலும், ஒன்றை ஈரப் பருத்தித் துணியாலும், ஒன்றை ஈரக் கம்பளியாலும் சுற்றி, மின்விசிறியின் கீழ் வைக்க. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை உஷ்ணமானியின் அளவைக் குறித்து வரைபடம் வரைக. வியர்வையின் தீங்கு அப்படத்தில் தெளிவாகும்.

3. சொரசொரப்பான பலகையில் மைதா மாவை அழுத்திப் பரப்பி, அதன் மேல் சர்க்கரையை மெல்லிதாகத் தூவி, மீண்டும் மாவை அழுத்திப் பரப்புக. பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்தி, மேல் அடுக்கு சரியும் கோணத்தைப் பாகைமானியால் அளக்க. சர்க்கரை இல்லாமலும் செய்து, இரு கோணங்களையும் ஒப்பிடுக.

மூன்றாவது சோதனையின்போது மாணவர்கள் ஒன்றைத் தாமாகவே காண்பார்கள். சரியும் கணம் வரை இரு பலகைகளும் மேலே பார்ப்பதற்கு ஒன்றுபோலவே தோன்றும். பனிநிலத்தின் அறிவு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. மிதியடி பாதத்தைப் புதையாமல் காக்கும். உயிரைக் காப்பது, காணாத அடுக்கைப் பற்றி விசாரிக்கும் வழக்கமும், திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பும் மனவுறுதியுமே. ஹெப்பகோடியில் மாவுத் தட்டின் முன் நின்று இதைக் கற்ற மாணவன் ஒருவன், நாளை இமயத்திலோ துருவத்திலோ முதன்முதலாக வெண்பனியில் கால் வைக்கும்போது, அறிந்தவனாகக் கால் வைப்பான்.